தூங்கப் போட்டால் எழாத லேப்டாப்

ஹைதராபாத் மாதாப்பூரில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒருத்தி கல்யாணமாகி விஜயவாடா போனாள். இன்னொருத்திக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவ்வளவு பெரிய வீடு எனக்கு எதற்கு என்று அதே சந்தில் ஓர் அறையும் சமையல் மேடையும் துண்டு பால்கனியும் உள்ள இடத்துக்கு மாறிக்கொண்டேன். எதிரே ஆண்கள் விடுதி. காலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு கூட்டமாகக் கிளம்பிப் போவார்கள். அதன் பிறகு சாயங்காலம் வரை அந்தச் சந்தில் ஒரு நாய் இருக்கும், நான் இருப்பேன்.

என் வேலை வீட்டிலிருந்தே நடப்பது. செயலிகளிலும் மென்பொருள்களிலும் வரும் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கிக் கொடுப்பேன். 'சேமிக்கவா?', 'மீண்டும் முயலவும்', 'உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்' இந்த மாதிரி. வேலை கொடுக்கிறவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். எல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும். யாருடைய குரலும் எனக்குத் தெரியாது, என் குரலும் அவர்களுக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் பால்காரரோ பார்சல் கொண்டு வருபவரோ போனில் அழைத்தால் முதல் வார்த்தை கரகரவென்று வரும். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசுவேன்.

லேப்டாப் உறைய ஆரம்பித்தது புது இடத்துக்கு வந்த பிறகுதான். அது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய லேப்டாப். பழைய லேப்டாப்புகளை விற்கும் கடையில் வாங்கியிருந்தேன். அதோடு வந்த சிஸ்டத்துக்கு அப்டேட் வருவது நின்றுபோனதால், இணையத்தில் பார்த்து நானே லினக்ஸ் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் மூடியைச் சாத்தி அதைத் தூங்கப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து திறந்தபோது திரை வந்தது, நான் விட்ட இடத்திலேயே வாக்கியம் நின்றது, மவுஸ் அம்புக்குறியும் நகர்ந்தது. கோப்பைச் சேமிக்கலாம் என்று அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வேறு எதையோ திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்புக்குறியும் நின்றுவிட்டது. மூலையில் இருந்த கடிகாரம் நான் குளிக்கப் போன நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. காலையிலிருந்து செய்த மொழிபெயர்ப்பில் பாதி போயிற்று.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் ஒழுங்காக எழுந்தது. அப்பாடா என்று இருந்தேன். சாயங்காலம் மறுபடியும் உறைந்தது.

தூங்கப் போடாமல், ஒவ்வொரு முறையும் முழுதாக அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. காய்கறி வாங்கப் போனால்கூடத் திறந்து வைத்த பக்கங்களை எல்லாம் மூடிவிட்டு, வந்து ஒவ்வொன்றாகத் திறப்பது பெரிய வேலையாகத் தோன்றியது. அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அப்போது நானே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை. கவலைப்பட ஒன்று கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எல்லாரும் சொல்வதுபோல் கிராபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகப்பட்டேன். திரையை இயக்கும் மென்பொருள் அது. மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் சரியாக இருந்தது, பிறகு உறைந்தது. லினக்ஸின் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். நினைவகத்தைச் சோதிக்கும் கருவியை நாள் முழுக்க ஓட விட்டுவிட்டு மூன்று வேளையும் தோசையே வார்த்துத் தின்றேன். பிழை எதுவும் இல்லை என்று அது பச்சை எழுத்தில் சொன்னது. தயாரிப்பாளர் தளத்தில் பயாஸுக்கு, அதாவது லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, ஒரு புதுப்பிப்பு இருந்தது. நடுவில் கரண்ட் போனால் லேப்டாப் செத்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். கையைப் பிசைந்துகொண்டு அதையும் செய்து முடித்தேன். அன்றைக்கே உறைந்தது.

அமீர்பேட்டில் பயிற்சி நிலையங்களுக்கு நடுவே ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைச் சாத்தினார், உடனே திறந்தார். எழுந்துகொண்டது. மறுபடி சாத்தித் திறந்தார். எழுந்தது.

"டீக் ஹை, மேடம். ப்ராப்ளம் நஹீ," என்றார்.

உடனே திறந்தால் எழுகிறது, நேரம் கழித்துத் திறந்தால்தான் எழுவதில்லை என்று அந்தக் கடை வாசலில்தான் எனக்கே பிடிபட்டது. அதை இந்தியில் சொல்லி விளங்கவைக்க என்னிடம் இந்தி போதவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து கூப்பிடுவான்.

"என்ன பண்ணிட்டு இருக்கற?"

"லேப்டாப் மக்கர் பண்ணுது. பாத்துட்டு இருக்கறேன்."

"கடையில குடுத்துப்போட வேண்டியதுதான?"

"குடுக்கோணும்."

"சாப்ட்டயா?"

"ஆச்சு. அண்ணி?"

"நல்லா இருக்கறா. செரி, வெக்கட்டா?"

இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளராது. அவன் நல்லவன். என்னிடம் என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு என்னிடம் லேப்டாப்தான் இருந்தது.

கணினி தனக்குள் நடப்பதை எல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கும். உறைந்து, அணைத்து, மறுபடி போட்ட பிறகு அந்தப் பதிவைத் திறந்து முந்தைய ஓட்டத்தின் கடைசி வரிகளைப் படிப்பேன். தூங்கப் போகிறேன் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே எதுவும் இருக்காது. எழுந்தேன் என்றும் இல்லை, எழ முடியவில்லை என்றும் இல்லை. திரை எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் பதிவில் அது எழவே இல்லை. இது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் லினக்ஸ்காரர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் கேள்வியை எழுதினேன். எந்த மாடல், என்னென்ன செய்து பார்த்தேன் என்பதை எல்லாம் ஆங்கிலத்தில் விவரித்து, பதிவின் கடைசிப் பக்கத்தையும் ஒட்டினேன். ஜெர்மனியோ போலந்தோ, எங்கோ இருந்த ஒருவர் பழைய பதிப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டாயிற்று என்று முதலிலேயே எழுதியிருந்தேன். இன்னொருவர், இந்த மாடலே மோசம், வேறு வாங்குங்கள் என்றார். அப்புறம் யாரும் வரவில்லை. தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஒரு காலையில் புதிதாக ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவர் தன்னிடமும் அதே மாடல்தான் இருக்கிறது, தானும் பழசாக வாங்கியதுதான், அதே லினக்ஸ்தான், ஆனால் ஒரு நாளும் உறைந்ததில்லை என்று சொல்லியிருந்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். கீழே தனியாக ஒரு வரி: 'தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி. உங்கள் கணினியின் பெயர் வத்தக்குழம்பில் போடுவதா?'

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. லினக்ஸ் போடும்போது கணினிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கும். எனக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஆங்கில எழுத்தில் சுண்டைக்காய் என்று வைத்துவிட்டேன். பதிவின் ஒவ்வொரு வரியிலும் அந்தப் பெயர் இருந்தது. நான் ஒட்டிய பக்கம் முழுக்கச் சுண்டைக்காய்.

அறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

ஆமாம், வத்தக்குழம்பில் போடுவதுதான் என்று பதில் எழுதினேன். மன்றத்தில் தனிச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, அதில் பேச்சு தொடர்ந்தது. எல்லாம் ஆங்கிலத்தில்தான், முக்கால்வாசி லேப்டாப் பற்றித்தான். நினைவகம் ஒன்றே. பயாஸ் ஒன்றே. வட்டு மட்டும் வேறு. கோப்புகளும் சிஸ்டமும் இருக்கும் அந்தச் சின்னப் பலகை, சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும். அவருடையது விற்பதற்கு முன்பே கடையில் மாற்றப்பட்டிருந்தது. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ என்று எழுதினார். ஹைதராபாத், மாதாப்பூர் என்றேன்.

வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது. அவர் இருந்தது லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். பெண் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ரயில்வே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்கு டியூஷன் எடுப்பவர். வகுப்பெல்லாம் சாயங்காலம்தான், பகலில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போவதில் தயக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய தயக்கம் வேறு. யாரோடாவது ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. பிறகு கிளம்பிவிட்டேன். மெட்ரோவில் அமீர்பேட்டில் பாதிப் பெட்டி இறங்கி அதைவிட அதிகமாக ஏறியது. லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மெட்டுகூடாவில் இறங்கி, வழி கேட்டு நடந்தேன்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுண்டைக்காயா?"

"ஆமாங்க."

"வா வா. செருப்ப வெளிய வுட நக்கோ, நாயி இழுத்துனு போயிடும். உள்ளயே வுடு. கைக்கு இந்த வெயில்ல நடந்து வந்த? சொல்லிருந்தா வண்டி எடுத்துனு வந்திருப்பேனே."

"பக்கந்தானேன்னு நடந்துட்டேனுங்க."

"எந்த ஊரு நீ? ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போடற."

"கோபிங்க. ஈரோட்டுப் பக்கம்."

"எங்களது குடியாத்தம். பேருக்குத்தான் குடியாத்தம், நான் ஒரே ஒரு வாட்டிதான் பாத்திருக்கேன். எங்க தாத்தாவுக்கு அப்பா இங்க ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தாராம். அப்பறம் யாருமே போவல."

நான் எதிர்பார்த்திராத தமிழாக இருந்தது அது. இடையிடையே உருதும் தெலுங்கும் அரிசியில் கல்லும் உமியும்போல் கலந்து வந்தன; 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. ஆனால் அவர் பேசிய வேகத்தைப் பார்த்தால் வெகுநாள் அடக்கிவைத்ததைப்போல் இருந்தது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே சாம்பல் நிறம், ஒரே மாதிரித் தேய்ந்த விசைகள். என்னுடையதின் மூடியில் யாரோ ஒட்டியிருந்த சொத்து எண் சீட்டைக் கிழித்த தடம் இருந்தது. அவருடையதிலும் அதே இடத்தில் அதே தடம். ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே லாரியில் வந்திருக்கும் என்றார் அக்கா.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். வட்ட மாத்துவோம். வேற எதையும் தொடக் கூடாது. டியூஷன் பசங்களுக்கும் இதான் சொல்லுவேன், கேக்கமாட்டாங்க."

"செரிங்கக்கா."

அடி மூடியைக் கழற்றுவதற்குள் ஒரு திருகாணி கீழே விழுந்து பிரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டது. இருவரும் தரையில் கன்னத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. அவர் கணவர், பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தரையில் கிடந்த எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தெலுங்கில் ஏதோ கேட்டார். அக்கா தமிழில் பதில் சொன்னார். அவர் துடைப்பத்தின் கைப்பிடியைப் பிரிட்ஜுக்கு அடியில் விட்டு ஒரு இழு இழுத்தார். திருகாணியோடு ஒரு பட்டாணியும் ஒரு குரங்கு பொம்மையும் வந்தன.

வட்டுகளை மாற்றிப் போட்டு இரண்டையும் ஓட விட்டோம். பிறகு இரண்டு மூடியையும் சாத்தினோம். உடனே திறந்தால் பயனில்லை, நன்றாகத் தூங்கட்டும் என்றேன். அவர் தட்டு வைத்தார். கணவருக்குப் பப்பு என்கிற பருப்பு, எங்களுக்கு வத்தக்குழம்பு. எனக்காகவே வைத்திருந்தார்.

"இவருக்கு இது புடிக்காது. பசங்களுக்கும் புடிக்காது. நான் ஒருத்திக்காக கைக்கு வெக்கணும்னு வெக்கறதே இல்ல."

கணவர் சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் மேஜையில் தூங்கும் இரண்டு லேப்டாப்புக்கும் எதிரே உட்கார்ந்திருந்தோம்.

"வீட்ல தமிழ் பேசறீங்களாங்கக்கா?" என்று கேட்டேன்.

"நான் பேசுவேன். அவங்க பேசமாட்டாங்க. இவரு இதே காலனிதான், தெலுங்கு. புடிச்சுப்போயி கட்டிக்கினேன். எல்லாம் புரியும் இவருக்கு, வாயில வராது. பசங்களும் அப்படித்தான். 'சாப்ட்டியாடா'ன்னு கேட்டா தெலுங்குல 'அயிபோயிந்தி'ன்னு பதில் வரும். பெரியவன் புனேல இருக்கான், அவன் இந்தில சொல்லுவான். அம்மா இருக்கற வரைக்கும் அம்மாவோட பேசினு இருந்தேன். உன் கணினி பேரப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. இவரு கிட்ட காட்டினேன். 'தாந்த்லோ ஏமுந்தி'ன்னாரு. அதுல என்ன இருக்குன்னு. அதுக்கு நான் இன்னா சொல்றது?"

நான் அவரிடம் என் வேலையைப் பற்றிச் சொன்னேன். நாள் முழுக்கத் தமிழிலேயே எழுதுகிறேன், ஒருவரிடமும் பேசுவதில்லை என்றேன். விஜயவாடா போன தோழி முதலில் தினமும் செய்தி அனுப்பினாள், பிறகு வாரம் ஒருமுறை, இப்போது பண்டிகைக்கு ஒரு படம் வருகிறது என்றேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். ஒரு கட்டத்தில் என் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சளி பிடிக்கப் போகிறது என்று நினைத்தேன். சளி இல்லை. பேசியதால்தான் கட்டியிருந்தது.

அன்றைக்கு மேஜையில் பேச்சின் நடுவே அக்காதான் நினைவுபடுத்தினார். "ஏய், பொட்டியத் திறக்கணுமே."

என் வட்டு போட்ட அவருடைய லேப்டாப்பை முதலில் திறந்தோம். திரை வந்தது, அம்புக்குறி நகர்ந்தது. ஒரு கோப்பைத் திறந்தார். திறக்கவில்லை. அம்புக்குறியும் நின்றது. அவர் வட்டு போட்ட என் லேப்டாப் சிரமமே இல்லாமல் எழுந்து வேலை செய்தது. சாத்தினோம், டீ குடித்தோம், மறுபடியும் திறந்தோம். மறுபடியும் அதே கதைதான். உறைவது என் வட்டோடு போகிறது.

"ஆனா வட்டுல கோளாறா, வட்டுல இருக்கற சிஸ்டத்துல கோளாறா, அது தெரியலியே," என்றார்.

அங்கேதான் எனக்குப் பளிச்சென்றது. பதிவில் ஏன் எதுவும் இல்லை என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேனே. பதிவை எழுத வேண்டிய இடமே வட்டுதான். அதுவே எழுந்திருக்கவில்லை என்றால் எங்கே எழுதுவது? லேப்டாப்பின் மற்ற எல்லாம் எழுந்து, வட்டு எழக் காத்திருந்து, காத்திருந்து, அப்படியே நின்றுபோகிறது. எனக்கு இருந்த அவசரத்தில் இதை அக்காவிடம் தாறுமாறாகச் சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"ஹவ். சரிதான். அப்ப பதிவ வேற எடத்துல எழுத வெச்சாப் போதும். பென்டிரைவ்லருந்து ஓட்டிப் பாரு."

அதற்குள் அவர் வகுப்பு நேரம் ஆகிவிட்டது. வட்டுகளை அதனதன் இடத்தில் போட்டு மூடினோம். கிளம்பும்போது ஒரு டப்பாவில் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் என் அறையில், பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டினேன். மூடியைச் சாத்திவிட்டுக் கீழே போய்ப் பழம் வாங்கி வந்து திறந்தேன். எழுந்தது. உறையவில்லை. பதிவைத் திறந்தேன். எழுந்தேன் என்ற வரிக்குக் கீழே, வட்டு பதில் சொல்லவில்லை, வட்டு பதில் சொல்லவில்லை, வட்டைக் கைவிடுகிறேன் என்று சிவப்பில் வரிவரியாக இருந்தது. எத்தனையோ வாரம் நான் தேடிக்கொண்டிருந்த வரிகள்.

அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். 'சபாஷ்' என்று வந்தது.

அதன்பின் வழி சுலபமாகக் கிடைத்தது. அந்த வகை வட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த மிக ஆழமான உறக்கத்துக்குப் போய்விடுகிறது, அதிலிருந்து எழத் தடுமாறுகிறது. அவ்வளவு ஆழத்துக்குப் போகாதே என்று கணினி தொடங்கும்போதே சொல்லிவிட ஒரே ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். பேட்டரி கொஞ்சம் வேகமாக இறங்கியது, அது பரவாயில்லை. மூடியைச் சாத்தினேன், திறந்தேன். காலையில் சாத்தி மதியம் திறந்தேன். ஒரு நாள் முழுக்கச் சாத்தி வைத்துவிட்டுத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் விட்ட வாக்கியம் விட்ட இடத்திலேயே இருந்தது, கடிகாரம் சரியான நேரத்துக்கு ஒரு தாவு தாவிக்கொண்டது.

மன்றத்தில் முழுக் கதையையும் எழுதி, தீர்ந்தது என்று குறியிட்டேன். பிரேசிலில் இருந்தும் துருக்கியில் இருந்தும் நன்றி சொன்னார்கள். ஒருவர் தன் லேப்டாப்பை விற்க இருந்ததாகவும் இப்போது வைத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதினார். அந்த வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அப்புறம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

காலையில் எழுந்து மன்றத்தைத் திறப்பேன். என் கேள்விக்குக் கீழே புதிதாக எதுவும் இருக்காது, இருக்க வேண்டிய காரணமும் இல்லை. அக்காவோடு இருந்த தனிச் செய்திப் பக்கத்தைத் திறப்பேன். கடைசியாக அந்தச் சபாஷ். அதற்குக் கீழே என்ன எழுதுவது? எங்கள் பேச்சு முழுக்க அந்த ஒரு கோளாறின் மேல் நின்றது, அதைச் சரிசெய்துவிட்டோம். அவருக்கு வீடு இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, மதியம் சாப்பிட வருகிற ஆள் இருக்கிறார். சும்மா வரட்டுமா என்று கேட்க நான் யார்? ஒரு பகலில் அந்த ஒற்றை வரி இருந்த கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, அக்கா மறுபடியும் வந்துவிட்டது என்று எழுதினால் போதும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. கோப்பை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் நான் அந்த அளவுக்கு வந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுநாள் தமிழ் எழுத்திலேயே தட்டினேன்: 'அக்கா, ஒரு நாள் வரட்டுங்களா? லேப்டாப் நல்லா இருக்குது. சும்மாதான்.'

அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் வரவில்லை. கேட்டிருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். மழை வந்தது. எதிர் விடுதியில் பையன்கள் துணி காயப்போட இடமில்லாமல் மின்விசிறியில் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஒரு வங்கிச் செயலிக்காக 'அமர்வு காலாவதியானது' என்பதை வேறு எப்படியெல்லாம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் போன் அடித்தது. அக்கா. முதல்முறை போயிருந்தபோது எண்ணை வாங்கி வைத்திருந்தார், ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"ஏமா, நீ எழுதினத இப்பத்தான் பாக்கறேன். புனே போயிருந்தோம், பெரியவன் கீழ வுழுந்து கால ஒடச்சிக்கினான். ஒரு மாசம் அங்கயேதான். பொட்டிய எடுத்துனு போவல. நீ இன்னா நினைச்சியோ."

"ஒண்ணும் நினைக்கலீங்கக்கா," என்றேன். குரல் கரகரத்தது. "இப்ப எப்படி இருக்கறாப்ல?"

"நடக்கறான். நாளைக்கி வா. வரும்போது பூண்டு வாங்கினு வா, இங்க நல்லதா இல்ல."

போனேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகவில்லை. கை வெறுமையாக இருந்ததில் ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது, பூண்டுப் பையை மட்டும் பிடித்துக்கொண்டு மெட்ரோவில் நின்றேன். அதன்பின் மாதத்தில் ஓரிரு முறை போய்வருகிறேன். சாயங்காலம் வரை இருந்தால் அவர் பக்கத்து அறையில் வகுப்பெடுப்பார். தெலுங்கிலும் இந்தியிலும் பிள்ளைகளைத் திட்டுவது கேட்கும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் நறுக்கிவிட்டுப் போன கீரையின் மீதியை நறுக்குவேன். மற்ற நாட்கள் முன்புபோலவேதான் இருக்கின்றன. சந்தில் கூட்டம் போன பிறகு நாயும் நானும்.

போன தடவை அவர் சோறு வடித்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வருசம் இவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸ் காலி பண்ணணும்."

"எங்க போவீங்கக்கா?"

"தெரியல. பெரியவன் புனேக்கு வான்றான். இவரு இங்கயே எங்கயாவது பாக்கலாம்றாரு." பாத்திரத்தை நிமிர்த்தி வைத்து, மூடியைத் தட்டினார். "நான் ஒண்ணும் சொல்லல."

எங்கள் இருவருக்கும் தட்டுகளை எடுத்துக் கழுவி மேஜையில் வைத்தேன். வெளியே பட்டறை விட்டு வரும் சைக்கிள்களின் மணிச் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு தட்டு எடுத்து வை என்றார் அக்கா.